பலகை சொல்வது மெய்தானா?

மேல்நாடுகளில் குதிரை பூட்டிய கோச்சு வண்டிகள் ஓடிய காலத்தில், வண்டியோட்டியின் முழங்காலுக்கு முன்னால் ஒரு பலகையை நிறுத்தியிருப்பார்கள். குதிரையின் குளம்புகள் வாரி இறைக்கும் சேறு வண்டியில் இருப்போர்மீது தெறிக்காமல் காப்பதே அதன் வேலை. அதற்கு 'டாஷ்போர்டு' என்று பெயர். பிறகு மோட்டார் வந்தது, குதிரை போயிற்று, பலகை மட்டும் நிலைத்தது. வேகம் காட்டும் முள்ளும், பெட்ரோல் இருப்பைக் காட்டும் முள்ளும் அதில் வந்து குடியேறின. இப்பொழுது அதே பெயர் மூன்றாவது பிறவி எடுத்து, வியாபார ஸ்தாபனங்களின் கம்ப்யூட்டர்த் திரையில் விளங்குகிறது. நேற்று விற்றது எவ்வளவு, கிடங்கில் இருப்பது எவ்வளவு, பழுதென்று திரும்பி வந்த சரக்கு எவ்வளவு, காத்திருக்கும் வாடிக்கைக்காரர் எத்தனை பேர் என்பனவெல்லாம் பச்சை, மஞ்சள், சிவப்பு ஆகிய மூன்று வர்ணங்களில் முதலாளியின் கண்முன்னே தோன்றுகின்றன.

நம் வீடுகளிலிருந்து அலுவலகம் செல்லும் ஆண் மக்களிலும் பெண் மக்களிலும் பலர் இன்று இந்தப் பலகைக்கு எண்கள் தயாரிப்பதிலோ, அதில் தோன்றிய எண்களுக்குச் சமாதானம் சொல்வதிலோ தம் பொழுதைக் கழிக்கிறார்கள். ஆகவே, இப்பலகை எப்பொழுது ஒரு தொழிலை உயர்த்துகிறது, எப்பொழுது சேற்றை மறைக்கும் தன் பழைய உத்தியோகத்துக்கே திரும்பி விடுகிறது என்பதைச் சற்று விசாரிப்போம்.

மாதக் கடைசியில் கணக்குப் புஸ்தகத்தைப் புரட்டிவிட்டு, "இம்மாதம் எண்ணெய்ச் செலவு அதிகம்" என்று தீர்ப்புச் சொல்லும் குடும்பத் தலைவரை நாம் எல்லோரும் அறிவோம். அவர் சொல்வது பொய்யன்று, எண் சரியானதே. ஆனால் எண்ணெய் கடையில் அளவு குறைந்ததா, தகர டின்னின் அடியில் கசிந்ததா, விருந்தாளிகளுக்கு அப்பளமாகப் பொரிந்ததா என்பது அந்த எண்ணில் இல்லை. அதை அறிய வேண்டுமானால் அவர் நாற்காலியை விட்டு எழுந்து சமையலறைக்குள் போக வேண்டும். எத்தனை பேர் போகிறார்கள் என்று நாம் கேட்கப் போவதில்லை.

சமையலறைக்குள் போவது போலத் தொழிலுக்குள் போவதற்கு ஒரு கருவி உண்டு. அதுவே வேலையின் வழிப்படம். ஒரு பொருளோ, ஒரு காகிதமோ, ஒரு நோயாளியோ ஸ்தாபனத்தின் வாசலில் நுழைந்தது முதல் வெளியேறுவது வரை எங்கெங்கே சென்று, யார் யார் கையில் பட்டு, எங்கெங்கே சும்மா கிடந்தது என்பதைக் கோடும் குறியுமாகத் தீட்டிக் காட்டும் சித்திரம் இது. அமெரிக்காவில் செங்கல் அடுக்கும் கொத்தனாராகத் தொழில் தொடங்கிய பிராங்க் கில்பிரெத் என்பவரும், மனோதத்துவம் கற்ற அவருடைய மனைவியார் லில்லியன் அம்மையாரும் 1921-ம் ஆண்டில் அந்நாட்டு யந்திர எஞ்சினீயர்கள் சங்கத்தின்முன் இம்முறையை எடுத்துரைத்தனர். அதற்கு முன்பே கில்பிரெத் ஒரு செங்கல்லை வைக்கக் கொத்தனார் செய்யும் அசைவுகளை எண்ணிப் பார்த்திருந்தார். பதினெட்டு அசைவுகள்! ஒவ்வொரு கல்லுக்கும் தரை வரையில் குனிந்து நிமிர்வதே அவற்றுள் பெரும் பாடு. சாரத்திலேயே கல்லும் சாந்தும் கைக்கு எட்டும் உயரத்தில் இருக்கும்படி அவர் செய்தார். பதினெட்டு அசைவுகள் ஐந்தாயின. மணிக்கு 120 கல் வைத்தவர்கள் 350 கல் வைக்கலாயினர். இத்தம்பதிகளுக்குப் பன்னிரண்டு குழந்தைகள் பிறந்தன என்பதையும் சொல்லிவிட வேண்டும். வேலையைச் சுருக்கும் வித்தையில் அவர்களுக்கு இருந்த ஆர்வத்துக்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

1947-ல் அதே எஞ்சினீயர் சங்கம் வழிப்படத்துக்கு ஐந்து குறிகளை நிர்ணயித்தது. வட்டம் என்றால் வேலை நடக்கிறது. அம்பு என்றால் பொருள் நகர்கிறது. சதுரம் என்றால் பரிசோதனை. முக்கோணம் என்றால் கிடங்கில் இருப்பு. ஆங்கில 'டி' எழுத்தின் வடிவம் என்றால் காத்திருப்பு. இந்தக் குறிகளை வைத்து யாரேனும் தம் அலுவலகத்தில் ஒரு விண்ணப்பம் செல்லும் பாதையை உண்மையாக வரைந்து பார்த்தால், காகிதத்தில் வட்டங்கள் சிலவே இருக்கக் காண்பார்கள். மற்றவையெல்லாம் 'டி' எழுத்துக்களே.

மைக் ரோதர், ஜான் ஷூக் என்ற இருவர் இக்கலையைக் கற்பிக்க எழுதிய ஒரு பாட நூலில், உதாரணத்துக்காக ஒரு தகட்டுத் தொழிற்சாலையின் படம் வரையப்பட்டிருக்கிறது. அங்கே ஒரு சாமான் உருவாவதற்கு மனிதரும் யந்திரமும் உண்மையில் உழைக்கும் நேரம் 188 விநாடி. மூலத் தகடு உள்ளே வந்தது முதல் சாமான் வெளியே போவது வரை செல்லும் காலமோ இருபத்து மூன்றரை நாளுக்கும் மேல். மூன்று நிமிஷ வேலைக்கு மூன்று வாரத்துக்கு மேல் காத்திருப்பு! இத்தகைய ஸ்தாபனத்தில் தொழிலாளியைப் பார்த்து, "இன்னும் வேகமாகச் செய்" என்று அதட்டினால் கிடைப்பது என்ன? 188 விநாடி 170 ஆகலாம். மூன்று வாரம் மூன்று வாரமாகவே இருக்கும்.

வழிப்படம் இல்லாமல் பலகையை மட்டும் பார்ப்பவர், அதட்ட வேண்டிய ஆளைத்தான் தேடுவார்; அடைத்துக் கிடக்கும் இடத்தைத் தேட மாட்டார். பலகையின் எண்ணைக் கண்டதும் எழுந்து அந்த இடத்துக்கே போவதை ஒரு வழக்கமாகவே ஆக்கியவர்கள் ஜப்பானியர். அந்தக் கதை மோட்டாரில் ஆரம்பிக்கவில்லை, தறியில் ஆரம்பிக்கிறது.

தச்சர் ஒருவரின் மகனாகப் பிறந்த ஸாகிச்சி டொயோடா, 1924-ல் ஒரு தானியங்கித் தறியை உருவாக்கினார். பாவு நூலில் ஓர் இழை அறுந்தாலும் அந்தத் தறி தானே நின்றுவிடும். நூல் அறுந்தது தெரியாமல் முழம் முழமாகப் பழுதுத் துணி நெய்து தள்ளும் பேச்சே இல்லை. தறியருகே ஒருவர் ஓயாமல் விழித்துக்கொண்டு நிற்கவும் வேண்டியதில்லை. ஒருவரே பல தறிகளைக் கவனிக்கலாம். 1929-ல் இங்கிலாந்தின் புகழ் பெற்ற பிளாட் சகோதரர் கம்பெனி இதன் உரிமையை ஒரு லட்சம் பவுனுக்கு ஒப்பந்தம் செய்துகொண்டது. உலகத்துக்கெல்லாம் நெசவு யந்திரம் விற்ற நாடு, ஆசியாவின் ஒரு தச்சர் மகனிடம் நெசவு யந்திர உரிமை வாங்கியது; அந்நாளில் இதைப் பத்திரிகையில் படித்த ஆசியர்களுக்கு எவ்வளவு பெருமிதமாக இருந்திருக்கும் என்று நாம் ஊகிக்கலாம்.

ஸாகிச்சியின் மகன் கீச்சிரோ 1937-ல் டொயோட்டா மோட்டார் கம்பெனியை நிறுவினார். யுத்தத்துக்குப் பிறகு 1950-ல் கம்பெனி திவாலாகும் நிலையை எட்டியது; ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் வேலை இழந்தனர்; கீச்சிரோவும் தம் பதவியைத் துறந்தார். அந்த இக்கட்டிலிருந்து பாடம் கற்றவர்களில் தலையாயவர் டாயிச்சி ஓனோ. குடும்பத்தின் நூற்பு ஆலையிலிருந்து 1943-ல் மோட்டார்ப் பகுதிக்கு வந்தவர் இவர். இழை அறுந்தால் தறி நிற்பது போல, பழுது கண்டால் மோட்டார் வேலையும் நிற்க வேண்டும் என்பது இவர் கொண்ட துணிபு. தொழிற்சாலைத் தரையில் சுண்ணக்கட்டியால் ஒரு வட்டம் வரைந்து, மேலதிகாரியை அதற்குள் நிறுத்தி, "இங்கேயே நின்று பாரும்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவாராம். சில மணி நேரம் கழித்து வந்து, "என்ன கண்டீர்?" என்று கேட்பாராம். 

பழுதின் வேரைக் காண ஐந்து முறை 'ஏன்' என்று கேட்பதும் அவர் வழக்கம். யந்திரம் ஏன் நின்றது? மின்சார உருகி எரிந்து போயிற்று. ஏன்? பாரம் அதிகமாயிற்று. ஏன்? தாங்கியில் மசகெண்ணெய் போதவில்லை. ஏன்? எண்ணெய் இறைக்கும் பம்பு சரிவர இறைக்கவில்லை. அது ஏன்? அதன் அச்சு தேய்ந்திருந்தது. வடிகட்டி இல்லாமையால் இரும்புத் தூள் உள்ளே புகுந்திருந்தது. முதல் பதிலோடு நின்றவர் உருகியை மாற்றுவார். மறுவாரம் மறுபடியும் மாற்றுவார். ஐந்தாம் பதில் வரை போனவர் ஒரு வடிகட்டி பொருத்துவார்.

இவ்விதம் பிறந்ததுதான் 'ஆண்டோன்' என்ற விளக்குப் பலகை. ஜப்பானிய மொழியில் காகித விளக்குக்கு அந்தப் பெயர். கார்கள் வரிசையாக நகர்ந்து செல்லும் பாதையில், தொழிலாளியின் தலைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். தம் வேலையில் சிறு கோளாறு கண்டாலும் அவர் அதை இழுக்கலாம். உடனே மேலே உள்ள பலகையில் அவருடைய இடத்தின் எண் ஒளிரும். குழுத் தலைவர் ஓடி வருவார். குறிப்பிட்ட எல்லைக்குக் கார் நகர்வதற்குள் கோளாறு தீர்ந்தால் வரிசை நிற்காது. தீராவிட்டால் அங்கே நிற்கும். யார் தவறு செய்தார் என்று எழுதி வைக்கும் பலகையன்று இது. உதவி தேவைப்படும் இடத்துக்கு ஆளை வரவழைக்கும் பலகை.

இது ஜப்பானியருடைய பிறவிக் குணம், மற்றவர்களுக்கு வராது என்று சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்குப் பதில் கலிபோர்னியாவில் கிடைத்தது. பிரீமாண்ட் என்ற ஊரில் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனிக்கு ஒரு கார்த் தொழிற்சாலை இருந்தது. என்ன நேர்ந்தாலும் வரிசை நிற்கக் கூடாது என்பது அங்கே சட்டம். போல்ட்டு விட்டுப் போயிற்றா? போகட்டும். கதவு பொருந்தவில்லையா? போகட்டும். பழுதுற்ற கார்கள் முற்றத்தில் குவியும். பிறகு வேறு ஆட்கள் அவற்றைச் செப்பனிடுவார்கள். சராசரி நாளில் ஐந்து தொழிலாளிகளில் ஒருவர் வேலைக்கே வருவதில்லை. தொழிலாளருக்கும் நிர்வாகத்துக்கும் ஓயாத சண்டை. 1982-ல் கம்பெனி அதை மூடிவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து, 1984-ல், ஜெனரல் மோட்டார்ஸும் டொயோட்டாவும் கூட்டாக அதே தொழிற்சாலையைத் திறந்தன. அதே ஊர், அதே கட்டடம், சேர்க்கப்பட்ட தொழிலாளிகளில் எண்பது சதவீதத்துக்கு மேல் பழைய ஆட்கள், அதே தொழிற்சங்கம். நூற்றுக்கணக்கானோர் ஜப்பானுக்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள வரிசையில் நின்று பழகினர். திரும்பி வந்ததும், முன்பு வரிசையை நிறுத்தினால் வேலை போகும் என்று அஞ்சியிருந்த அந்த ஆட்களின் தலைக்கு மேல் கயிறு தொங்கியது. இழுத்தால் மெல்லிய சங்கீதம் ஒலிக்கும், குழுத் தலைவர் வந்து நின்று, "என்ன உதவி வேண்டும்?" என்று கேட்பார். முதலில் இழுக்கத் துணியாமல் கை நடுங்கியவர்கள் நாளடைவில் இழுக்கப் பழகினர். வேலைக்கு வராதோர் தொகை நூற்றுக்கு இருபதிலிருந்து இரண்டாகக் குறைந்தது. அங்கே செய்த கார்களின் தரம் ஜப்பானில் செய்தவற்றுக்குச் சமமாக நின்றது. கெட்டுப்போனவர்கள் என்று ஒதுக்கப்பட்டவர்களே இவர்கள்! இந்தக் கூட்டுத் தொழிற்சாலை 2010-ல் முடிவுற்றது. கட்டடம் டெஸ்லா கம்பெனியின் கைக்கு மாறிற்று.

பிரீமாண்டில் கயிற்றை இழுக்கத் தொழிலாளிக்குத் துணிவு வேண்டியிருந்தது. பெரிய அதிகாரிகளுக்கும் அத்துணிவு வேண்டும் என்பதை ஃபோர்டு கம்பெனியில் நடந்த ஒரு சம்பவம் காட்டுகிறது. 2006-ல் ஆலன் முலாலி என்பவர் விமானத் தொழிலிலிருந்து வந்து அதன் தலைமையை ஏற்றார். வாரந்தோறும் வியாழக்கிழமை உயர் அதிகாரிகள் கூடித் தத்தம் பகுதியின் நிலையைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என வர்ணமிட்டுக் காட்ட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். வாரா வாரம் எல்லாப் படங்களும் பச்சைப் பசேலென்று வந்தன. கம்பெனியோ அவ்வருஷம் ஆயிரம் கோடி டாலருக்கும் மேல் நஷ்டத்தை நோக்கிச் சென்றுகொண்டிருந்தது! "ஒன்றுகூடவா சரியில்லாதது இல்லை?" என்று அவர் கேட்டார். கடைசியில் மார்க் பீல்ட்ஸ் என்ற அதிகாரி ஒரு புதிய காரின் வெளியீட்டுக்குச் சிவப்பு வர்ணமிட்டுக் கொண்டுவந்தார். பின்கதவில் ஒரு கோளாறு இருந்தமையால் அதை நிறுத்தி வைத்திருந்தார். சபை மூச்சடங்கியது. இவர் உத்தியோகம் இன்றோடு முடிந்தது என்று மற்றவர்கள் எண்ணினர். முலாலி கை தட்டினார். "இவருக்கு யார் உதவ முடியும்?" என்று கேட்டார். அந்த இடத்திலேயே இரண்டு மூன்று பேர் முன்வந்தனர். அடுத்த சில வாரங்களில் எல்லோர் படங்களிலும் உண்மையான வர்ணங்கள் தோன்றின. 2009-ல் ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் திவால் கோர்ட்டை நாடியபோது ஃபோர்டு அங்கே போகவில்லை. முன்னதாக வாங்கி வைத்த பெரும் கடனும் அதற்குக் காரணம் என்பது உண்மையே. ஆயினும் அந்தச் சிவப்புப் படத்தின் பங்கைக் குறைத்து மதிப்பிடுவதற்கில்லை. மேலே பச்சையும் உள்ளே சிவப்புமான கணக்குக்கு மேல்நாட்டு அலுவலகங்களில் இன்று 'தர்ப்பூசணி' என்று பரிகாசப் பெயர் வழங்குகிறது.

பரிகாசம் செய்ய இயலாத இடமும் உண்டு. அமெரிக்காவில் போர்வீரராக இருந்து ஓய்வு பெற்றவர்களுக்குச் சர்க்கார் நடத்தும் வைத்தியசாலைகள் இருக்கின்றன. நோயாளி கேட்ட நாளிலிருந்து பதினான்கு நாளுக்குள் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று 2011-ல் ஓர் இலக்கு வைத்தார்கள். நல்ல நோக்கந்தான். ஆனால் அந்த எண்ணை நிர்வாகிகளின் திறமை மதிப்பீட்டோடும், அதன் வழியாக வெகுமதியோடும் முடிந்து வைத்தார்கள். டாக்டர்களோ போதவில்லை, நோயாளிகளோ பெருகிக்கொண்டிருந்தார்கள். வழிப்படம் வரைந்து, எங்கே அடைப்பு என்று பார்த்து, அங்கே ஆள் சேர்க்க வேண்டிய தருணம் அது. அதற்குப் பதிலாக எண்ணைச் சீர்படுத்தும் வித்தை தோன்றியது. ஒருவர் வந்து நாள் கேட்டால், முதலில் காலியாக உள்ள நாள் எது என்று பார்ப்பார்கள். அது மூன்று மாதம் தள்ளி இருந்தால், நோயாளி விரும்பிய நாளே அதுதான் என்று பதிவு செய்துவிடுவார்கள். விரும்பிய நாளும் கிடைத்த நாளும் ஒன்று. ஆகவே காத்திருந்த காலம் பூஜ்யம்! பலகையில் பச்சை.

2014-ல் அரிஸோனா மாகாணத்து பீனிக்ஸ் நகர வைத்தியசாலையில் இது அம்பலமாயிற்று. முதன்முறை டாக்டரைப் பார்க்கச் சராசரி 24 நாள் ஆகிறது என்று அந்த வைத்தியசாலை மேலிடத்துக்குத் தெரிவித்திருந்தது. இலாகாவின் தணிக்கையாளர் 226 நோயாளிகளின் பதிவுகளை எடுத்து ஆராய்ந்ததில், உண்மைச் சராசரி 115 நாள் என்று கண்டனர். சுமார் 1,700 பேர் அதிகாரபூர்வமான காத்திருப்போர் ஜாபிதாவிலேயே இல்லை. அவர்களைப் பொறுத்தவரையில் பலகைக்கு அவர்கள் பிறக்கவே இல்லை. அவ்வருஷம் மே 30-ம் தேதி இலாகா மந்திரி எரிக் ஷின்செகி ராஜிநாமா செய்தார். ஆகஸ்டில் வெளிவந்த முடிவான அறிக்கை, தாமதமே மரணத்துக்குக் காரணம் என்று அறுதியிட இயலவில்லை எனக் கூறியது. ஆயினும் சிகிச்சை கருதத்தக்க அளவு தாமதப்பட்ட 28 பேரைச் சுட்டியது. அவர்களில் அறுவர் இறந்திருந்தனர். பதினான்கு நாள் என்ற இலக்கை அதிகாரிகளின் மதிப்பீட்டிலிருந்து இலாகா அகற்றிவிட்டது.

பொய் எழுதிய குமாஸ்தாக்களைக் குறை கூறுவது எளிது. நாம் அவர்களை மன்னிக்கச் சொல்லவில்லை. ஆனால் உண்மையான எண்ணை எழுதினால் தண்டனையும், பொய்யான எண்ணை எழுதினால் பாராட்டும் கிடைக்கும்படி வகுத்தவர்களே பெரிய குற்றவாளிகள் என்பது நம் அபிப்பிராயம். தறி நின்றதற்காக இழையைத் தண்டிப்பார் உண்டோ?

வைத்தியசாலையில் இதே கலை நேர்மையாகப் பயின்றதற்கு நம் மதுரை மாநகரிலேயே ஒரு சான்று உண்டு. டாக்டர் கோ. வெங்கடசாமி சர்க்கார் சேவையிலிருந்து ஓய்வு பெற்று, 1976-ல் பதினொரு படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். வாத நோயினால் விரல்கள் கோணிப்போன பின்னும் கண் அறுவை செய்யப் பழகிக்கொண்டவர் அவர். அமெரிக்காவில் மக்டொனால்டு உணவுக் கடைகள் எங்கும் ஒரே முறையில், ஒரே தரத்தில் நடப்பதைக் கண்டு, கண் பார்வையையும் ஏன் இவ்விதம் ஒழுங்குபடுத்தி எல்லோருக்கும் எட்டச் செய்யக்கூடாது என்று எண்ணினார். கண்புரை நோயாளி நடந்து செல்லும் பாதையைப் படிப்படியாகப் பிரித்தார்கள். அவற்றுள் அறுவை மருத்துவர் ஒருவரால் மட்டுமே செய்யக்கூடியது எது? மற்ற ஒவ்வொன்றுக்கும் கிராமங்களிலிருந்து இளம் பெண்களைத் தேர்ந்து பயிற்சி அளித்தார்கள். வெளிநாட்டு வில்லையின் விலையே பாதையில் பெரிய அடைப்பு என்று தெரிந்தபோது, 1992-ல் ஆரோலாப் என்ற சாலையை மதுரையில் நிறுவி, ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கு விலைக்கு வில்லைகளை உற்பத்தி செய்யத் தொடங்கினார்கள். பணம் கொடுப்போரும் கொடுக்க இயலாதோரும் அங்கே சிகிச்சை பெறுகிறார்கள்.

அறுவைக் கூடத்தில் மருத்துவர் ஒருவருக்கு இரண்டு மேஜைகள். ஒன்றில் அறுவை நடக்கும்பொழுதே அடுத்த மேஜையில் அடுத்த நோயாளியைச் சித்தம் செய்து வைத்திருக்கிறார்கள் செவிலியர். முதல் கண் முடிந்ததும் உருப்பெருக்கி திரும்புகிறது, மருத்துவரும் திரும்புகிறார். வழிப்படத்தில் 'டி' எழுத்து இருந்த இடத்தில் இப்பொழுது ஒரு கிழவி படுத்திருக்கிறாள். இன்னும் சில நிமிஷங்களில் அவளுக்குக் கண் தெரியும்படி செய்துவிடுவார்கள்.